ஒரு கையில் கடிவாளம். மறு கையில் இன்னொரு குதிரை!

ஒரு குதிரையை அடக்கி ஓட்டுவதே பெரும்பாடு. ஒன்றின் மேல் அமர்ந்துகொண்டு, இன்னொன்றைக் கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்வது அதைவிடப் பெரிய வித்தை. இளங்குதிரைகளைப் பழக்குவதற்கு உலகின் பல நாடுகளிலும் கையாளப்படும் முறை இது.

பெங்களூர் வட்டாரத்துக்குக் குதிரை புதிதல்ல. ஓசூரை அடுத்த மத்திகிரி கால்நடைப் பண்ணையை வாசகர்கள் பலர் அறிவார்கள். 1824-ல் ஆங்கிலேயர் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய இடம் அது. மைசூர் லான்சர்ஸ் குதிரைப்படை 1918 செப்டம்பர் 23-ந்தேதி ஹைபா நகரைப் பிடித்த போரில் பங்கு கொண்டது. அந்தப் படையின் நினைவுச் சின்னம் பெங்களூர் ஜே.சி. நகரில் இருக்கிறது.

குதிரைப்படையினர் கீழே இறங்கிச் சண்டையிடும்போது, நால்வரில் ஒருவர் மற்ற மூவரின் குதிரைகளையும் பிடித்துக்கொள்வது அக்கால வழக்கம். பக்கத்துக் குதிரையுடன் அமைதியாக நிற்கத் தெரியாத குதிரை படைக்கு உதவாது.

மூத்தது காட்டும் வழி

குதிரை கூட்டமாக வாழும் பிராணி. பக்கத்தில் உள்ளது மிரளாவிட்டால் இதற்கும் தைரியம் வரும். லாரியின் ஹாரன், காற்றில் படபடக்கும் சாக்கு, தேங்கிய மழைநீர் எல்லாவற்றையும் மூத்த குதிரை நிதானமாகக் கடந்து போகும். இளங்குதிரையும் கூடவே நடக்கும். வேலை தேடி வந்த புது ஆளை, ஊர்க்காரர் ஒருவர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து கூட்டிச் செல்வது போலத்தான்!

இன்னொரு நன்மையும் உண்டு. முதுகில் பாரமில்லாமலே இளங்குதிரைக்கு நடையும் ஓட்டமும் பழகிவிடும். அமெரிக்கப் பந்தய மைதானங்களில், பந்தயம் தொடங்கும் இடம் வரை துணைக் குதிரை ஒன்று கூடவே போவது, பந்தயக் குதிரையை அமைதியாக வைத்திருக்கத்தான்.

கயிற்றில் கவனம்

ஆபத்தும் இதில் உண்டு. பந்தயக் குதிரையின் எடை சுமார் 450 முதல் 500 கிலோ. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டால், அது மிரண்டு இழுக்கும்போது விரலே போய்விடும். ஆளையும் தரையில் இழுத்துச் செல்லும். எனவே மிச்சக் கயிற்றை மடித்துத்தான் பிடிக்க வேண்டும். சேணத்தில் இறுக்கிக் கட்டவும் கூடாது.

சாலையில் இளங்குதிரை இடப்புறம், ஓரமாக வரவேண்டும். வாகனங்கள் போகும் பக்கம் பழகிய குதிரை இருக்கவேண்டும். இளங்குதிரையின் தலை, சவாரி செய்பவரின் முழங்காலருகே இருப்பது நல்லது. முந்தினாலும் பிந்தினாலும் பிடி தளர்ந்துவிடும்.

வேலிக்குள் பழக்கி, ‘நில்’ என்றால் நிற்கக் கற்ற பிறகே வெளியே அழைத்துச் செல்லவேண்டும். கைநழுவி ஓடும் குதிரையால் தெருவில் போகிறவர்களுக்கும் ஆபத்து.

பெங்களூரைச் சேர்ந்த பவாத் மிர்சா 2018 ஆசியப் போட்டியில் குதிரையேற்றத்தில் 2 வெள்ளிப் பதக்கம் வென்றார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-வது இடம் பெற்றார். பதக்கம் சவாரி செய்பவரின் கழுத்தில் விழுகிறது. விடியுமுன் லாயத்துக்கு வந்து, குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, பயம் தெளிவித்த பராமரிப்பாளரின் பெயர் பத்திரிகையில் வருவதில்லை. குதிரைக்கு மட்டும் அவருடைய குரல் தெரியும்.