பட்டினியும் பழக்கமும்

மிகுந்த உடற்பருமன் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய நோய்களுக்கு வழிகோலும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. ஆதலின், பருத்தோர் தம் எடையைக் குறைக்க விரும்புதல் நன்றே. ஆயினும், அதனை ஒரு திங்களிலேயே முடித்துவிடக் கருதி, நம் தோழருட் சிலர் ஒருவேளை உணவை அறவே நீத்துத் தம்மை வருத்திக்கொள்ளுகின்றனர். இம்முறை நிலைத்த பயன் தருமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். பஞ்சத்தால் மெலிந்தோரை மீட்கும் முறையை அறிதலே அவர் நோக்கம். போர் புரிய மனச்சான்று இடந்தராத இளைஞர் 36 பேர் அதற்கு இசைந்து முன்வந்தனர். 1945-ஆம் ஆண்டில் 24 வாரங்கள் வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதியே அவர்கட்கு அளிக்கப்பட்டது. அவர்தம் எடையில் நாலிலொரு பங்கு குறைந்தது. அதனோடு நாடித்துடிப்பும் தளர்ந்தது; ஊக்கம் குன்றியது; எண்ணமெல்லாம் உணவையே சுற்றிச் சுழன்றது. மீண்டும் உணவு கிடைத்தபோது, எவ்வளவு உண்டும் பசி தீராது பலர் வருந்தினர்.

அவ்விளைஞர் பருத்தவரல்லரே, பருத்தவர்க்கும் இது பொருந்துமோ எனின், பொருந்தும் என்க. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் நிகழ்ந்த எடைகுறைப்புப் போட்டி ஒன்றிற் கலந்துகொண்ட 14 பேரை, ஆறாண்டுகட்குப் பின் கெவின் ஹால் முதலிய அறிஞர் ஆராய்ந்து, 2016-இல் முடிவை வெளியிட்டனர். போட்டியின்போது சராசரி 58 கிலோ இழந்திருந்த அவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஓய்ந்திருக்கும்போது அவர்தம் உடல் செலவிடும் ஆற்றலோ, எதிர்பார்த்த அளவினும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைந்திருந்தது.

இதன் காரணம் யாது? நாம் மேற்கொள்ளும் பட்டினியை உடல் பஞ்சமென்றே கொள்ளுகிறது. கொழுப்பு குறையுங்கால் கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் என்னும் பொருளும் குறைகிறது. மூளை அதனை உணர்ந்து பசியை மிகுவிக்கிறது. ஆற்றற் செலவைச் சுருக்குகிறது. வருவாய் குன்றிய குடும்பத் தலைவன் செலவைச் சுருக்குதல் போல்வது இது. எனவே, இளைத்தவர் மீளப் பருத்தலை மனவுறுதியின்மை என்று பழித்தல் தகாது.

இனி, நன்னெறி யாதெனக் காண்போம். நீரிழிவை அணுகியிருந்த 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அவருள் ஒரு சாரார்க்கு, எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைத்தலும், வாரத்திற்கு 150 நிமிடம் விரைந்து நடத்தல் போன்ற உடலுழைப்புமே குறிக்கோளாக வகுக்கப்பட்டன. வெற்று மாத்திரை உண்டவரை நோக்க, இவரிடை நீரிழிவு நூற்றுக்கு 58 பங்கு குறைவாகவே தோன்றியது. மெட்பார்மின் என்னும் மருந்துண்டார்க்கோ அக்குறைவு 31 பங்கே. சிறிய மாற்றம் மருந்தினும் விஞ்சிய பயன் தந்தமை காண்க.

ஆகவே, சோற்றைச் சிறிது குறைத்துக் கீரையும் பருப்பும் காய்கறியும் கூட்டுதல், இனிப்பு நீர்வகைகளைத் தவிர்த்தல், நாடோறும் நடத்தல், வேண்டுமளவு உறங்குதல் ஆகியவற்றை நாம் மேற்கொள்வோமாக. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியதேயன்றிப் பட்டினியைப் பற்றியதன்று. பத்தாண்டு கழிந்தும் வருந்தாது பின்பற்றத்தக்க பழக்கம் எதுவோ, அதுவே இன்று தொடங்கத்தக்கது.