கேமரா நுழையாத ஊர்

செம்பவாங்கில் கடலோரமாக நடந்துகொண்டே போனால் ஓரிடத்தில் கம்பிவேலி குறுக்கிடும். வேலியில் ஒரு பலகை. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்று நான்கு மொழியிலும் எச்சரிக்கை. கூடவே ஒரு படம். துப்பாக்கியை நீட்டியபடி ஒரு சிப்பாய், எதிரே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு மனிதன். சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே இந்தப் படத்தின் பொருள் தெரிந்துவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் அமெரிக்கக் கடற்படையும் நியூசிலாந்துப் படையும் இன்றும் புழங்கும் கப்பல்துறை. அந்தத் திசையில் கேமராவைத் தூக்கக் கூடாது. நான் தூக்குவதில்லை.

பழைய ராணுவ இடங்களைத் தேடிப்போய்ப் படமெடுப்பது பல வருடங்களாக என் ஞாயிற்றுக்கிழமை வேலை. சாங்கியில் ஜொகூர் பீரங்கித்தளம், லாப்ரடார் குன்று, சிலோசோ கோட்டை என்று எல்லாவற்றையும் சுற்றியிருக்கிறேன். ஆனால் கால் தானாகத் திரும்புவது செம்பவாங்குக்குத்தான். காரணம், என் பெரியப்பா. அந்த வேலிக்குள் இருபத்திரண்டு வருடம் பாய்லர் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் வேலை செய்வதுபோல எங்கள் குடும்பத்தில் ஒரு படம்கூட இல்லை. டாக்யார்டுக்குள் தொழிலாளி கேமரா கொண்டுபோக முடியாது. இருப்பது ஒரே ஒரு ஸ்டூடியோ படம். முழுக்கைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, பின்னால் திரைச்சீலையில் வரைந்த கடலும் இரண்டு தென்னைமரமும். நாளெல்லாம் நிஜக் கடலோரத்தில் நின்றவரைத் துணிக்கடலுக்கு முன்னால் நிறுத்தி எடுத்திருக்கிறார்கள்.

அவர் காலத்து வேலி இன்றைய வேலி மாதிரிச் சின்னதல்ல. பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் பரப்பு ஏறத்தாழ 54 சதுர கிலோமீட்டர். 1920களில் வேலை தொடங்கியபோது அங்கே இருந்தவை ரப்பர் தோட்டங்களும் அலையாத்திக் காடும் சேறும். ஆற்றின் போக்கைத் திருப்பிவிட்டு, சதுப்பை மண் போட்டு மேடாக்கினார்கள். 1928-இல் இங்கிலாந்திலிருந்து ஒரு மிதக்கும் டாக்கைத் துண்டுதுண்டாகக் கடல்வழியே இழுத்துவந்து சேர்த்தார்கள். 1938 பிப்ரவரி 14 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் டிரை டாக் திறக்கப்பட்டது. ஆயிரம் அடி நீளம். உலகத்திலேயே பெரியது என்று அன்று பேசப்பட்டது. தளம் முழுவதற்கும் ஆன செலவு சுமார் 6 கோடி பவுண்டு. இந்தத் தளத்தைக் காக்கத்தான் சாங்கியில் பதினைந்து அங்குலக் குழல் கொண்ட ராட்சத பீரங்கிகளையும் வைத்தார்கள்.

திறப்புவிழா நடந்து நாலு வருடமும் ஒரு நாளும் கழித்து, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதற்கு இரண்டரை மாதம் முன்பு, 1941 டிசம்பர் 2 அன்று, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தன. 10-ஆம் தேதி இரண்டும் குவாந்தான் கடலுக்கு அடியில். மாலுமிகள் எண்ணூறு பேருக்கு மேல் கூடவே போனார்கள். பிறகு தளம் ஜப்பானியர் கைக்குப் போனது. 1944 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் டாக்கின் மதகின் மேல் குண்டு போட்டன. இறந்தவர்களில் அங்கே வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களும் உண்டு. போரைப் பற்றிய புத்தகங்களில் அந்த இரண்டு கப்பல்களின் பெயர் தவறாமல் இருக்கும். தொழிலாளர்களுக்கு ஒரு வரி, சில சமயம் அதுவும் கிடையாது.

இன்று செம்பவாங்குக்குக் கேமராவோடு வருகிறவர்கள் எதை எடுக்கிறார்கள்? கறுப்பு வெள்ளை பங்களாக்களை. குற்றம் சொல்லமாட்டேன், அவ்வளவு அழகு. வெள்ளைச் சுவர், கறுப்பு மரச்சட்டம், செங்கல் தூண்கள் மேல் தூக்கிக் கட்டிய வீடு, நாலு பக்கமும் காற்று புகும் தாழ்வாரம், மூங்கில் தட்டி. காலை ஏழரை மணிக்கு மழைமரங்களின் நடுவே வெயில் சாய்ந்து விழும்போது கை தானாகப் பொத்தானை அழுத்தும். அதிகாரிகளும் அவர்கள் குடும்பமும் இருந்த வீடுகள் இவை. இன்று அரசாங்கம் வாடகைக்கு விட்டிருக்கிறது; வாடகை கொஞ்சநஞ்சமில்லை. தெருப்பெயர்களைப் படித்தாலே ஏகாதிபத்தியத்தின் வரைபடம் விரியும்: கான்பரா, வெலிங்டன், டர்பன், பெர்முடா, மால்டா, ஜிப்ரால்டர். தளபதி குடியிருந்த அட்மிரல்டி ஹவுஸ் 2002-இல் தேசிய நினைவுச்சின்னமானது. இப்போது அதைச் சுற்றி நீச்சல்குளமும் உணவங்காடியுமாகப் புக்கிட் கான்பரா வளாகம். கடலோரத்து பியூலியூ ஹவுஸில் உணவகம் நடக்கிறது.

ஒருமுறை குடியிருப்பவரிடம் அனுமதி கேட்டு ஒரு பங்களாவின் பின்பக்கம் போனேன். முன்னால் பார்த்த வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெரிய வீட்டிலிருந்து கூரை போட்ட ஒரு நடைபாதை பின்னால் ஓடுகிறது. அதன் முடிவில் தாழ்ந்த ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாகச் சிறிய அறைகள். ஒரு அறையில் ஒரு கட்டில் போட்டால் மிச்சம் நிற்கிற அளவுக்குத்தான் இடம். சன்னல் உயரத்தில், சின்னதாக. வெளியே துணி துவைக்கச் சிமெண்டுத் தொட்டி. அதன் விளிம்பு ஒரு இடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. சமையல்காரரும் ஆயாவும் தோட்டக்காரரும் இருந்த இடம். பங்களாப் படங்கள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன், ஒன்றிலும் இந்தத் தொட்டி வந்ததில்லை. முன்பக்கம் அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால் காப்பாற்றினார்கள். காப்பாற்றியதால் படம் எடுக்கிறோம். இந்தச் சங்கிலியில் தொழிலாளியின் வீடு எந்தக் கண்ணியிலும் இல்லை.

டாக்யார்டு ஆட்களில் பெரும்பகுதி தமிழர்களும் மலையாளிகளும் மலாய்க்காரர்களும் சீனர்களும்தான். கான்பரா சாலையை ஒட்டிக் குவார்ட்டர்ஸ் இருந்தது. இடம் கிடைக்காதவர்கள் வெளியே சோங் பாங் கம்பத்தில் (கிராமத்தில்) வாடகைக்கு இருந்தார்கள். காலையில் சைரன் ஊதினால் சைக்கிள்கள் ஆற்றுவெள்ளம் மாதிரி வாசலை நோக்கிப் போகும் என்பார் பெரியப்பா. சம்பளத்தன்று மணியார்டர் எழுதுவதற்கு எழுத்து தெரிந்த ஒருவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்களாம். பாதிப் பேருக்குக் குடும்பம் ஊரில். மலையாளிகள் 1954-இல் தொடங்கிய நேவல் பேஸ் கேரள நூலகம் வேறு. வேலை முடிந்து வந்து கையைக் கழுவிக்கொண்டு புத்தகம் எடுத்தவர்கள். சங்கமும் சும்மா இல்லை. சிட்னி உட்ஹல் இங்கே தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். தளத்தின் தீயணைப்புப் படையில் வேலை பார்த்த அகமது இப்ராகிம், 1955-இல் செம்பவாங் தொகுதியில் வென்று பிறகு அமைச்சரும் ஆனார். சிங்கப்பூர் அரசியலின் ஒரு வேர் இந்தக் குவார்ட்டர்ஸ் மண்ணில்தான் ஓடுகிறது.

1968 ஜனவரியில் பிரிட்டன் தளங்களைக் காலி செய்யப்போவதாக அறிவித்தது. அந்தக் காலத்தில் சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களால் வந்தது. வீட்டுக்கு வீடு இடி விழுந்த மாதிரி. அந்த வருடம் டிசம்பரில் டாக்யார்டைப் பெயருக்கு ஒரு வெள்ளி விலையில் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். அது செம்பவாங் கப்பல் பட்டறையானது. போர்க்கப்பலுக்குப் பதிலாக எண்ணெய்க் கப்பல் வந்து ஏறியது. பலருக்கு வேலையும் தப்பியது. நாடு பிழைத்துக்கொண்ட கதை இது, பள்ளியில் சரியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரியப்பா மாதிரி 1971-இல் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கப்பலேறி ஊருக்குப் போனவர்களின் கதை அதில் வராது. குடியுரிமை வாங்காமலே இருந்துவிட்டார். இரும்புப் பெட்டி, ஒரு டிரான்சிஸ்டர், அந்த ஸ்டூடியோ படம். பட்டுக்கோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கினார். சாகும் வரை வெயில் தணிந்தால் "சைரன் ஊதுற நேரமாச்சு" என்றுதான் சொல்வார். நாலரை மணி என்று சொன்னதே இல்லை.

குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகள், கடைத்தொகுதி, 2019-இல் திறந்த கான்பரா ரயில் நிலையம். இடித்தது தவறு என்று சொல்லமாட்டேன். ஒழுகும் கூரையும் பொதுக் கக்கூசும் யாருக்கும் வேண்டாம். அதில் இருந்தவர்களே புது வீட்டுச் சாவி வாங்கியபோது சந்தோஷப்பட்டார்கள். ஆனால் ஒரே ஒரு வரிசையையாவது, நாலே நாலு கதவையாவது விட்டுவைத்திருக்கலாம். அதிகாரிகளின் வீடு இத்தனை நிற்கும்போது, நாலு கதவு பெரிய செலவா?

இடம் போனாலும் பெயர்கள் போகவில்லை. பக்கத்தில் ஈசூனுக்குக் குடிபோயின. சோங் பாங் கம்பம் அழிந்து, சோங் பாங் என்ற பெயர் ஈசூன் கடைத்தொகுதிக்கு வந்தது. நேவல் பேஸ் பெயர் பள்ளிக்கூடங்களோடு ஈசூனில் இருக்கிறது. முருகனும் அப்படித்தான் வந்தார். தளத்தில் வேலை பார்த்த ஒரு தமிழருக்குக் கனவில் ஒரு மரம் தெரிந்தது என்றும், கான்பரா சாலையோரம் அந்த மரத்தைக் கண்டு அதனடியில் 1960களில் வழிபாடு தொடங்கியது என்றும் சொல்வார்கள். அதுதான் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். 1990களில் ஈசூன் தொழிற்பேட்டைக்கு மாறியது. பங்குனி உத்திரத்தன்று அங்கே போனால், காவடிகளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வெள்ளைத்தலைகளிடம் "நேவல் பேஸா?" என்று கேட்டால் போதும், பேச்சு நிற்காது.

சில வருடங்களாகக் கேமராவோடு ஒரு பழைய வரைபடத்தின் நகலையும் பென்சிலையும் கொண்டுபோகிறேன். உங்கள் வீடு எது என்று கேட்பேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கோடுகளின் மேல் விரலை மெதுவாக ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி வட்டம் போடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் "அது கிளார்க்குங்க பிளாக்குப்பா, நம்மது இந்தாண்ட" என்று அழித்து எழுதுவார். ஒரு வட்டத்துக்காக ஒரு மணி நேரம் சண்டை நடந்திருக்கிறது.

இப்போது அவசரம் கூடியிருக்கிறது. கப்பல் பட்டறை துவாஸுக்குப் போகிறது. அந்தக் கரை வீடுகளும் உலாவும் இடமுமாக மாறப்போகிறது. வேலி விலகி அந்த ஆயிரம் அடி டாக்கை ஜனங்கள் பக்கத்தில் போய்ப் பார்க்கும் நாள் வரும். கிரேனையும் டாக்கையும் அழகாகக் காட்டுவார்கள், அதற்கு எனக்கும் ஆசைதான். ஆனால் எந்தப் பட்டறையில் யார் நின்றார்கள், காது செவிடான ரிவெட் அடிப்பவர்கள் எந்த நிழலில் சோறு தின்றார்கள் என்று கைகாட்டத் தெரிந்தவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது.

போன மாதம் அவர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு அவர் போட்ட வட்டத்தைத் தேடிப்போனேன். பதினேழு வயதில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்து, பிறகு கப்பல் பட்டறையிலேயே ஓய்வு பெற்றவர். சரியாக ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் போய் நின்றது வட்டம். கல்மேசை, சதுரங்கக் கட்டம், தபால்பெட்டிகள், மூலையில் யாரோ சாத்திவைத்த குழந்தை சைக்கிள். அவர் தூண்களை எண்ணிக்கொண்டு நாலு எட்டு நடந்தார், திரும்பினார், வெளியே வந்து மரத்தைப் பார்த்தார், மறுபடி உள்ளே வந்து ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இங்கதான் தம்பி பைப்பு. பன்னெண்டு வீட்டுக்கு ஒண்ணு. எங்கம்மா விடியக்காலம் மூணு மணிக்கே குடத்தை வச்சிட்டு வந்துரும்."

கேமராவைக் கையில் எடுத்தேன். அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இங்க படம் எடுக்கலாமில்ல?"

"எடுக்கலாம் ஐயா" என்றேன்.