ஆண்டு உள்ளவர்களும் ஆண்டு இல்லாதவர்களும்: ஊட்டி ஒருநாள் சுற்றுலாவை வாசித்தல்

1

கோத்தகிரிக்காரனான நான் முப்பத்து நான்கு வயது வரை ஊட்டியைச் 'சுற்றிப்' பார்த்ததில்லை. உள்ளூர்க்காரன் எவன் டூர் பஸ்ஸில் ஏறுவான்? என்னோடு எம்.ஏ. தமிழ் படித்த மதுரை நண்பர் சென்ற மே மாதம் குடும்பத்தோடு வந்தார். "நீயும் வாடா, உன் ஊரை நீயே எங்களுக்குக் காட்டு" என்றார். போனேன். ஆனால் காட்டியது நானல்ல, வண்டியோடு வந்த வழிகாட்டி. காலை ஒன்பதரைக்குச் சேரிங் கிராஸில் ஏறி மாலை ஆறரைக்கு அதே இடத்தில் இறங்கினோம். இந்த ஒன்பது மணிநேரத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

சுற்றுலாவைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் முகம் சுளிக்கலாம். இருக்கிறது. ஒரு ஊரின் வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறவர்களைவிட வண்டி ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொள்கிறவர்களே இன்று அதிகம். மே மாதத்தில் இந்த மலை தாங்காது என்று 2024-ல் உயர்நீதிமன்றம் தலையிட்டு, வருகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்க வேண்டிவந்தது. அத்தனை பேரும் எதைக் கேட்டுக்கொண்டு மலையிறங்குகிறார்கள் என்பது அரசியல் கேள்விதான்.

2

வழிகாட்டியோடு கூடிய சுற்றுலா இயற்கையாக முளைத்த பழக்கம் அல்ல. அதற்கும் பிறந்த தேதி உண்டு. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரை ரயிலில் அழைத்துப்போனார், அதுவும் ஒரு மதுவிலக்குக் கூட்டத்திற்காக. ஒரே கட்டணம், ஒரே வழி, குறித்த நேரத்தில் திரும்புதல். இந்த மூன்று விதியும் இன்றுவரை மாறவில்லை. மாட்ரிடிலிருந்து டொலேடோவுக்குப் போய் ஒரே நாளில் திரும்புகிறவரும், கோவையிலிருந்து ஊட்டிக்கு வந்து ஒரே நாளில் இறங்குகிறவரும் உட்காரும் இருக்கை ஒன்றே.

ரோலான் பார்த் 1957-ல் வெளியிட்ட 'மிதாலஜீஸ்' நூலில் 'நீல வழிகாட்டி' என்ற பயண நூல்வரிசையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை உண்டு. எடுத்துக்காட்டாக அவர் பார்ப்பது ஸ்பெயினை. அந்த வழிகாட்டிக்கு மலையும் பள்ளத்தாக்கும் இருந்தால்தான் நிலம்; தேவாலயமும் கல்கட்டிடமும் இருந்தால்தான் வரலாறு. மனிதர்கள் தனிமனிதர்களாக வருவதில்லை, வகைகளாக வருகிறார்கள்: இந்தப் பகுதிக்காரன் கடலோடி, அந்தப் பகுதிக்காரன் வியாபாரி என்று. உழைத்துப் பிழைக்கிற ஸ்பெயின் அந்தப் பக்கங்களில் காணாமல் போகிறது என்பது பார்த்தின் குற்றச்சாட்டு.

நம்மிடமும் ஒரு முன்மாதிரி உண்டு. சிலப்பதிகாரத்தில் கால்கோட் காதை. வடதிசை நோக்கிப் புறப்பட்ட செங்குட்டுவன் நீலகிரியின் பக்கத்தில் பாடி இறங்குகிறான். கொங்கணர் வருகிறார்கள், கருநாடர் வருகிறார்கள், கூத்து நடக்கிறது, மன்னன் பரிசு கொடுக்கிறான், படை கிளம்புகிறது. மலைமேல் யார் இருந்தார்கள் என்ற தகவல் அந்த இடத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை. வந்து தங்கி, காட்டியதைப் பார்த்து, கொடுத்துவிட்டுப் போகிறவன் ஆகப் பழைய பாத்திரம்தான்.

3

இனி எங்கள் வண்டி. கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொண்டே வந்தேன். தாவரவியல் பூங்கா ஒரு மணிநேரம், தொட்டபெட்டா அரைமணி, தேயிலைத் தொழிற்சாலையும் அதன் விற்பனைக் கூடமும் 50 நிமிடம், குன்னூர் சிம்ஸ் பூங்கா 40, சாப்பாடு 45, தேயிலைத் தோட்டம் 10, டால்ஃபின் நோஸ் 30, திரும்பும் வழியில் சாக்லெட் கடை 30, படகு இல்லம் ஒரு மணிநேரம். மீதி மூன்று மணிநேரத்துக்கு முன்னால் நின்ற வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்தோம். பொருள் வாங்கும் இடங்களுக்கு 80 நிமிடம், தேயிலை விளையும் இடத்துக்குப் பத்து. இந்தக் கணக்கே ஒரு வாசிப்பு.

அடுத்தது வழிகாட்டியின் வாக்கியங்கள். குரல் கணீர் என்று இருந்தது, மனுஷன் நல்ல தமிழ் பேசினார். சேரிங் கிராஸ் நீரூற்றா? ஊட்டியில் 1881-ல் இறந்துபோன ஆளுநர் ஆடம் நினைவாக வைத்தது. தாவரவியல் பூங்காவா? 1848, மெக்கைவர். அரசு கலைக் கல்லூரி வளாகத்திலிருக்கும் கல் பங்களா? கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கியது. புனித ஸ்டீபன் தேவாலயமா? 1829-ல் அடிக்கல், உத்தரம் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்து வந்தது. மலை ரயிலா? 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை. சிம்ஸ் பூங்கா? 1874. எதுவும் பொய்யில்லை. பூங்காவிலிருக்கும் கல்லாய்ப்போன மரத்துக்குக்கூட இரண்டு கோடி ஆண்டு என்று வயது சொன்னார்.

பூங்காவின் மேல்விளிம்பில் தோடர் மந்து இருக்கிறது. அதைச் சொல்லும்போதுதான் வாக்கியம் மாறியது. "மேல தோடர் மந்து சார். காலங்காலமா இருக்கிற ஆதிவாசிங்க. இப்ப டைம் இல்ல." அவ்வளவுதான். கட்டிடத்துக்கு ஆண்டு, மரத்துக்கு ஆண்டு, மனிதர்களுக்குக் 'காலங்காலமா'.

'காலங்காலமாக' என்ற சொல் கேட்க மரியாதையாக இருக்கும். அது செய்கிற காரியம் வேறு: வரலாற்றிலிருந்து ஆளை வெளியே நிறுத்திவிடுகிறது. தோடர்கள் வரலாறில்லாதவர்களா? ரிவர்ஸ் 1906-ல் அவர்களைப் பற்றி ஒரு பெரும் நூலே எழுதினார். எமனோ 1930-களில் இங்கே தங்கிச் சேகரித்த தோடர் பாடல்கள் 1971-ல் நூலாயின. தமிழ் எம்.ஏ. முடித்த நான் அந்தப் பாடல்களைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திராவிட மொழிகள் என்ற பட்டியலில் தோடா என்ற பெயரோடு பாடம் முடிந்துவிட்டது. இறந்தவரின் ஆவி மேற்கே மறுவுலகுக்குப் போகும் வழியைத் தோடர்கள் பாறை பாறையாக, ஓடை ஓடையாகப் பெயர் சொல்லி அறிவார்கள். எங்கள் வண்டி ஓடிய இதே மலைத்தொடரில் இன்னொரு வழித்தடம் அது. அந்த வழித்தடத்தின் புல்வெளிகளில் பெரும்பகுதியை 19ஆம் நூற்றாண்டு முதல் நட்ட யூகலிப்டஸும் வாட்டிலும் தேயிலையும் மூடிவிட்டன. யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். அதன் எண்ணெய்க்கு நாம் வைத்திருக்கும் பெயர் நீலகிரித் தைலம். நண்பரின் மனைவி இரண்டு பாட்டில் வாங்கினார்.

ஆண்டு வழங்கப்படுவது, ஆக, நடுநிலையான தகவல் அல்ல. யாருக்கு ஆண்டு உண்டோ அவர் செய்தவர் ஆகிறார். யாருக்கு இல்லையோ அவர் காட்சி ஆகிறார். இதை அறிந்து எவரும் திட்டமிடவில்லை. வழிகாட்டி பலகையைப் படிக்கிறார், பலகை கெஸட்டியரைப் படிக்கிறது, கெஸட்டியரைக் கலெக்டர்கள் எழுதினார்கள். மூவரும் ஒரே கதையாடலின் கண்ணிகள்.

4

குன்னூரிலிருந்து டால்ஃபின் நோஸ் போகும் பாதையில் ஒரு தோட்டத்தோரம் வண்டி நின்றது. "இங்க பத்து நிமிஷம். கொழுந்து பறிக்கிறவங்களோட போட்டோ எடுக்கிறவங்க ஏதாச்சும் குடுத்துட்டு எடுங்க." பக்கத்திலேயே ஒருவர் மூங்கில் கூடையும் பளபளக்கும் துண்டும் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூடையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு மூன்று பெண்கள் சிரித்தார்கள். உண்மையில் வேலை செய்துகொண்டிருந்த அம்மாவிடம் கூடை இல்லை. நைலான் பையும், பை பொருத்திய கத்தரியும்தான் இருந்தன. கையால் கிள்ளுவது குறைந்து கத்தரியால் வெட்டுவது இங்கே எப்போதோ வந்துவிட்டது. எங்கள் வண்டிக்காரர் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி சொன்னார்: "அக்கா, அந்தக் கத்தரியைக் கொஞ்சம் கீழ வைங்க. போட்டோ நல்லா வரும்."

அவர் வைத்தார்.

எங்கம்மாவும் அப்படி வைத்திருப்பார். கத்தரி பிடித்துப் பிடித்து அவருக்கு வலது தோள் மேலே எழும்பாது. இன்றும் தலைவாரிவிட ஆள் வேண்டும். பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தார். இங்கே உள்ளவர்கள் வைத்த பெயர் சிலோன்காரங்க. அங்கே இருந்த பெயர் இந்தியாக்காரங்க.

வழிகாட்டி விட்டுவிட்ட ஆண்டுகளை நான் சொல்லிவிடுகிறேன். 1948: இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30: சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு பிரதமர்களும் பிரித்துக்கொண்டார்கள்; எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். யாரையும் கேட்கவில்லை. 1968: வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு வனத்துறையின் மூலம் தேயிலை பயிரிடத் தொடங்கியது, அதுவே பிறகு தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது டான்டீ. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று வண்டி ஜன்னலில் 'பச்சைக் கம்பளம்' என்று பெயர்பெறும் சரிவுகளில் ஒரு பகுதி இந்த ஆண்டுகளால் ஆனது. காடு திருத்தியவர்கள், நிரை பிடித்தவர்கள், கவ்வாத்து வெட்டியவர்கள் உண்டு. ஆனால் பிரதியில் அவர்கள் 'கொழுந்து பறிக்கும் பெண்' என்ற ஒற்றைக் குறி.

தொழிற்சாலையிலும் இதே இலக்கணம்தான். இலையை வாட்டுவது, நசுக்குவது, நொதிக்கவிடுவது, உலர்த்துவது, சலிப்பது என்று ஐந்து கட்டத்தையும் அழகாக விளக்கினார்கள். இலை எந்தக் கையிலிருந்து வந்தது என்பதற்குக் கட்டம் இல்லை.

5

இதோடு முடித்திருந்தால் வழிகாட்டியைக் குற்றவாளியாக்கிவிட்டுப் போயிருப்பேன். சாப்பாட்டு நேரத்தில் அவரோடு டீ குடித்தபோதே ஊர் விசாரித்திருந்தேன். பந்தலூர்ப் பக்கம். தாத்தா எங்கே என்றேன். கொஞ்சம் தயங்கி, "ஹட்டன் சார்" என்றார். அவரும் எங்காள்தான்.

டால்ஃபின் நோஸில் கூட்டம் இறங்கிப்போனதும் கேட்டேன்: "தோட்டத்துல நிக்கறப்ப அத ஒரு வரி சொல்லலாமே?"

"சொல்லலாம் சார். ஒருதடவ சொன்னேன். வண்டியே அமைதியாயிடுச்சு. லீவுக்கு வந்தவங்க சார், பாவம். அன்னிக்கு ஒருத்தரும் டிப்ஸ் குடுக்கல." பிறகு அவரே கேட்டார்: "நீங்க காலையிலேருந்து உங்க கூட்டாளிகிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. பத்து வருஷப் பழக்கத்தில் மதுரை நண்பருக்கு நான் கோத்தகிரிக்காரன், அவ்வளவே. விடுதி அறையில் சக மாணவர் ஒருவர் 'சிலோன் அகதி' என்று ஒருநாள் சொன்னதற்குப் பிறகு அந்த வார்த்தைகளை நான் மூடிவைத்துவிட்டேன். நாங்கள் அகதிகள் அல்ல, ஒப்பந்தப்படி குடியுரிமையோடு அனுப்பப்பட்டவர்கள் என்று விளக்கக்கூட அன்று வாய் வரவில்லை. பிரதியின் மௌனத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பியவன் அந்த மௌனத்தில் எனக்கும் பங்கு இருப்பதைக் கண்டேன். விளிம்பில் இருப்பவனே விளிம்பை மறைத்துத்தான் மையத்தோடு பேச வேண்டியிருக்கிறது. அவருக்கு அது வருமானம், எனக்கு மானம்.

சுற்றுலாவே வேண்டாம் என்பது என் முடிவல்ல. இந்த மாவட்டத்தில் எத்தனையோ அடுப்பு அதனால்தான் எரிகிறது. வழிகாட்டியை மாற்றுவதைவிடப் பயணி ஒரு கேள்வியை மாற்றிக்கொள்வது எளிது. 'இதை யார் கட்டினாங்க' என்று கேட்கிற இடத்திலெல்லாம் 'இங்க இருக்கிறவங்க எப்ப வந்தாங்க, எப்படி வந்தாங்க' என்றும் கேட்டுப்பாருங்கள். கேட்டால் வழிகாட்டி சொல்வார். அவருக்குத் தெரியும்.

அன்று மாலை படகு இல்லத்தில் வரிசை நீண்டிருந்தது. ஏரி சல்லிவன் காலத்தில் வெட்டியது, இன்றைய பேருந்து நிலையமும் ஒருகாலத்தில் ஏரியாக இருந்த நிலம்தான் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். நண்பர் செல்போனை நீட்டி, தோட்டத்தில் எடுத்த படத்தைக் காட்டினார். கத்தரி இல்லாமல் அந்த அம்மா நின்றிருந்தார்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார்.

"எங்கம்மா இந்த வேலைதான்டா பார்த்தாங்க" என்றேன். "எழுபத்து நாலுல சிலோன்லேருந்து வந்தவங்க."

வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை. "உக்காரு, சொல்லு" என்றார். அன்று நாங்கள் படகில் ஏறவில்லை.