ஒரு படை, இரண்டு மேலிடங்கள்

1996இல் பெல்ஜியத்தின் ராணுவ நீதிமன்றத்தில் கர்னல் லுக் மார்ஷல் விசாரிக்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் அவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பொறுப்புகள் இருந்தன. ஐ.நா. அமைதிப்படையின் கிகாலிப் பிரிவுக்கு அவர் தளபதி. அங்கிருந்த பெல்ஜிய வீரர்களுக்கு மூத்த அதிகாரியும் அவரே. ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கிய 1994 ஏப்ரல் 7 அன்று அந்நாட்டுப் பிரதமர் அகாத் உவிலிங்கியிமானாவுக்குக் காவலாகப் போன பத்து பெல்ஜிய பாராசூட் வீரர்கள் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் போனது ஐ.நா. வேலைக்கு; ஆனால் மார்ஷலைக் கணக்குக் கேட்டது அவருடைய சொந்த நாடு. கடைசியில் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது. நாடுகள்தான் ஆள் அனுப்புகின்றன. எந்தச் சாவடியைக் காப்பது, எந்தச் சாலையில் ரோந்து போவது என்று சொல்லும் அதிகாரம் ஐ.நா. படைத் தளபதிக்கு உண்டு. பதவி உயர்வும் தண்டனையும், வேண்டாமென்றால் திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமையும் அனுப்பிய நாட்டிடமே இருக்கும். பெல்ஜியம் அந்தக் கடைசி உரிமையைப் பயன்படுத்தியது. படைத் தளபதியாக இருந்த கனடாவின் ரோமியோ டலேரால் தடுக்க முடியவில்லை. ஏப்ரல் 11 அன்று கிகாலியில் ஒரு தொழிற்பள்ளியை விட்டு பெல்ஜிய வீரர்கள் கிளம்பினார்கள். அவர்களை நம்பி அங்கே அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் சுமார் 2,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள்.

இந்த ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ நிலைமை தளபதிகளுக்கு மட்டுமல்ல, மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அதிகாரிகளுக்கும் உண்டு.

தென் லெபனானில் 1978 முதல் இருக்கும் ஐ.நா. படையின் தலைமையகம் நக்கூராவில் உள்ளது. அங்கே பல நாட்டு அதிகாரிகள் ஒரே கூரையின்கீழ் வேலை செய்வார்கள். யாருக்கு என்ன வேலை என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும். ஒன்று என்றால் ஆள் கணக்கு, இரண்டு உளவுத் தகவல், மூன்று களநடவடிக்கை, நான்கு தளவாடமும் சரக்கும், ஒன்பது ஊர் மக்களோடு தொடர்பு. முன்னால் வரும் எழுத்து மட்டும் இடத்துக்கு இடம் மாறும்: பல ஐ.நா. படைத் தலைமையகங்களில் ‘யு’, பட்டாலியனில் ‘எஸ்’. மொழி சரியாக வராத இந்தோனேசிய அதிகாரிக்கும், கானா பட்டாலியனில் டீசல் பற்றி யாரைக் கேட்பது என்பது இதனால் புரிந்துவிடும்.

பட்டாலியனின் நான்காம் எண்காரருக்குத்தான் தூக்கம் குறைவு. கவச வண்டி, ஜெனரேட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து, பழுதையும் தானே பார்த்துக்கொள்ளும் நாட்டுக்கு ஐ.நா. வாடகை தருகிறது. சும்மா தந்துவிடாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குழு பட்டியலோடு வந்து நிற்கும். ஒப்பந்தத்தில் சொன்ன வண்டிகளில் 90 சதவீதமாவது ஓடும் நிலையில் இருக்க வேண்டும். குறைந்தால் வாடகையும் குறையும். சமையல், சலவை, கூடாரம், இணைய வசதி வரை தனித்தனித் தலைப்பில் சரிபார்ப்பார்கள். சொந்த நாட்டிலிருந்து உதிரி பாகம் வந்து சேராததற்கும் பதில் சொல்ல வேண்டியவர் அந்த அதிகாரிதான்.

ஆளுக்கும் விலை உண்டு. 2018இல் வீரர் ஒருவருக்கு மாதம் 1,428 டாலர் என்று விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பேதமில்லை. அந்தப் பணம் போவது அரசாங்கத்துக்கு. வீரருக்கென்று ஐ.நா. ஒதுக்கும் தினப்படி வெகுகாலமாக 1 டாலர் 28 சென்ட்தான். டீ செலவுக்குக்கூட யோசிக்க வேண்டிய தொகை.

இந்தியப் பட்டாலியன் 1998 முதல் லெபனானில் இருக்கிறது. கால்நடை மருத்துவர்களையும் அது உடன் கொண்டுபோயிருக்கிறது. ஆடு மாடுகளை நம்பி வாழும் அந்த எல்லைக் கிராமங்களில், துப்பாக்கி ஏந்திய ரோந்தைவிட ஊசி போட வரும் டாக்டருக்குக் கதவுகள் சீக்கிரம் திறக்கும். ஒன்பதாம் எண்ணுக்கு இதைவிட நல்ல உதவி கிடைப்பது அரிது.

ஆனால் தப்பு நடந்தால் விசாரிப்பது யார்? 2007இல் ஹெய்ட்டியில் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் இலங்கைப் படையைச் சேர்ந்த நூறுக்கும் மேற்பட்டோரை ஐ.நா. திருப்பி அனுப்பியது. அதற்குமேல் அதனால் எதுவும் செய்ய முடியவில்லை. தண்டிக்கும் அதிகாரம் கொழும்பிடம் இருந்தது. 2016இல் பாதுகாப்புச் சபை 2272ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒரு பிரிவில் இத்தகைய குற்றங்கள் பரவலாக நடந்ததற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இருந்தால் அந்தப் பிரிவையே திருப்பி அனுப்பலாம் என்று அது சொன்னது. படையோடு கூடவே ஒரு தேசிய விசாரணை அதிகாரியையும் அனுப்புங்கள் என்று நாடுகளை ஐ.நா. கேட்டுக்கொண்டும் வருகிறது. அந்த அதிகாரியை நியமிப்பது அவருடைய நாடு. அவர் வழக்குக் கட்டை ஒப்படைப்பதும் அந்த நாட்டிடம்தான்.