ஆராய்ச்சிக் கல்வியும் பொருளுதவியும்

எம்.ஏ. தேறி ஆராய்ச்சி புக விழையும் நம் மாணவர் சிலர் வங்கிக் கடனையே முதலில் நாடுகின்றனர். தந்தையார் நிலத்தை ஈடுவைக்கவும் துணிகின்றார். கற்குங்காலத்தும் அதன்பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை கேட்கப்படாதாயினும், வட்டி வளர்வது நிற்பதில்லை.

ஆதலின் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வை முதலில் எழுதுமாறு வேண்டுகின்றோம். ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நிகழும் இத்தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவிப்பணம் பெற்றோர்க்கு, 2023ஆம் ஆண்டு முதலான விகிதப்படி மாதம் 37,000 ரூபாயும், ஈராண்டு கழிந்து முதுநிலைக்கு உயர்ந்தபின் 42,000 ரூபாயும் கிடைக்கும். திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை. வயது எல்லை 30. பெண்டிர் முதலியோர்க்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. எம்.ஏ. இறுதியாண்டிலேயே எழுதலாம், இஃதறியாது ஓராண்டு இழந்தாரை யாம் கண்டுளோம்.

உதவிப்பணம் சிலவேளை காலந்தாழ்த்தே வருமாதலின், முதற் சில மாதங்களின் விடுதிச் செலவைக் கையில் வைத்துக்கொள்க.