ஐம்பது பாம்பை எண்ணியது எப்படி?

எலித் தொல்லைக்கு இயற்கை எதிரிகளை விடுங்கன்னு நாம பேசும்போது, அந்த எதிரி எந்த ஊர்க்காரன்னும் பார்க்கணும். கரீபியன் கடலில் உள்ள ஆன்டிகுவா தீவின் கதையைப் படித்தபோது எனக்கு இது உறைத்தது.

1872ல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் எலி பிடிக்க, கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளைக் கொண்டுபோனார்கள். அந்த வழக்கம் ஆன்டிகுவாவுக்கும் பரவியது. எலி ராத்திரியில மேயும், கீரி பகல்ல வேட்டையாடும். பகலில் பல்லி தேடித் திரிந்த, மனுசருக்கு ஆபத்தில்லாத உள்ளூர்ப் பாம்புதான் கீரி வாயில் மாட்டியது. ஆன்டிகுவா ரேசர் என்ற அந்த இனம் அழிந்தே போச்சுன்னு நினைத்திருந்தார்கள்.

கீரி எட்டாத கிரேட் பேர்ட் என்ற குட்டித் தீவில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. கொஞ்சம்னா எத்தனை? 1990களின் நடுவில் ஆய்வாளர்கள் எண்ணத் தொடங்கினார்கள். ஆடு மாதிரி பட்டியில் அடைத்து எண்ண முடியாதே! பிடித்த பாம்புக்கு அடையாளம் வைத்து, நீளம், எடை, காயம் எல்லாம் குறித்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவார்கள். முதல்ல 20 பாம்புக்கு அடையாளம் வைத்தோம்னு வச்சுக்குங்க. கொஞ்ச நாள் கழித்துப் பிடித்த 20ல் 8 பழைய ஆட்கள். 20ஐ 20ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 50. நான் உதாரணத்துக்குப் போட்ட கணக்கு இது. ஆனா அங்கே கிடைத்த மதிப்பீடும் சுமார் 50தான். உலகத்திலேயே அவ்வளவுதான் மிச்சம்.

அந்தக் குறிப்புகளில் காயம் பற்றியதுதான் முக்கியம் என்பேன். பல பாம்புகளின் உடம்பில் எலி கடித்த தழும்பு! எலியைத் தின்னாத பாம்பை எலி கடித்துக்கொண்டிருந்தது. விஷ இரை வைத்துத் தீவிலிருந்த எலிகளை ஒழித்தார்கள். நமக்கு இது நெருடும், எனக்கும்தான். ஆனா கப்பலில் வந்த எலியை ஒரு குட்டித் தீவில் தீர்ப்பதையும், வருசாவருசம் வயலில் மருந்து கொட்டுவதையும் ஒன்றாக வைக்க மாட்டேன். பிறகு 1999ல் ராபிட் தீவு, 2001ல் கிரீன் தீவு, 2008ல் யார்க் தீவு என்று பாம்புகளைக் குடியேற்றினார்கள். 2015 வாக்கில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

நம்ம வயலுக்கு ஒரு நோட்டு போதும். சாரைப்பாம்பைக் கண்ட தேதி, இடம், பயிரின் வயசு, அந்த வாரம் வரப்பில் எண்ணிய எலிவளை. பாம்பைப் பிடிக்காதீங்க, சாரை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருது. பார்த்து எழுதுங்க, மூணு போகமாவது விடாம எழுதுங்க.