வாங்குபவர் தேடும் சொல் எது?

நாம் கச்சான் என்று சொல்வதைத் தமிழ்நாட்டவர் வேர்க்கடலை என்றும் நிலக்கடலை என்றும் சொல்வர். சிங்களம் பேசும் வியாபாரிக்கு அது ரடகஜு. கனடாவில் வளர்ந்த எம்மவரின் பிள்ளைக்கு அது பீநட். பொருள் ஒன்று, பெயர்கள் பல. சந்தையில் பொருளைக் கண்ணால் கண்டு வாங்கும்வரை இதனால் இடைஞ்சல் இல்லை. ஆனால் இன்று பலர் கைத்தொலைபேசியில் ஒரு சொல்லைத் தட்டியே பொருளைத் தேடுகின்றனர். அச்சொல் எமது இணையத்தளத்தில் இல்லையெனில், எம்மிடம் மூடை மூடையாகக் கச்சான் இருந்தாலும் அவர் கண்ணில் நாம் படமாட்டோம். பின்னர் படலைக்கு வரும் தரகர் சொல்வதே விலையாகிவிடும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது மேலும் பொருந்தும். சொந்த ஊரில் எம்மை அறிந்த வியாபாரிகள் இருந்தனர். வந்த இடத்தில் எம்மை அறிந்தவர் சிலரே. ஆகவே சங்கமாகச் சேர்ந்து இணையத்தளம் அமைப்போர், "திறவுச்சொல்" என்பது யாதென அறிந்திருத்தல் அவசியம். வாங்குபவர் தேடும்போது தட்டுகின்ற சொல்லே திறவுச்சொல்.

தேடுபொறி இயங்கும் விதம்

கூகிள் போன்ற தேடுபொறி, நாம் கேட்ட பின்னர் உலகெங்கும் ஓடித் தேடுவதில்லை. அதன் கணனிகள் முன்கூட்டியே பக்கம் பக்கமாக வாசித்து, எந்தச் சொல் எங்கே உள்ளதெனப் பெரும் அட்டவணை ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கும். தடித்த நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு போன்றது அது. 1998இல் கூகிளைத் தொடங்கிய லாரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகியோர், ஒரு பக்கத்தை வேறு எந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்பதையும் கணக்கிற் கொண்டனர். இன்று ஒத்த பொருளுள்ள சொற்களையும் தேடுபொறி ஓரளவு விளங்கிக்கொள்கிறது. ஆயினும் எமது வட்டாரச் சொற்கள் யாவும் அதற்குத் தெரியுமென நம்பியிருத்தல் தகாது.

செய்ய வேண்டியவை

1. பக்கத்தின் தலைப்பிலேயே பொருளின் பெயர் வரட்டும். "எமது உற்பத்திகள்" என்னும் தலைப்பு எவருக்கும் எதையும் சொல்லாது. "முல்லைத்தீவுக் கச்சான்: கோதுடன், மூடைக் கணக்கில்" என்பது பொருள், இடம், அளவு மூன்றையும் சொல்லிவிடும்.

2. மற்றப் பெயர்களை இயல்பான வசனத்தில் ஒருமுறை சேருங்கள். "கச்சான், அதாவது வேர்க்கடலை" என்றால் போதும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சிறு பந்தி ஒவ்வொன்று எழுதுவித்தல் நன்று.

3. யுனிக்கோட் எழுத்தில் தட்டெழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ளதை அப்படியே ஏற்றினால் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றலாம். கணனியின் உள்ளே ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே கிடக்கும். விபரத்தைப் படமாக மட்டும் போடுவதையும் தவிருங்கள்.

4. பயிர் விளைந்த இடத்தை உள்ளபடி எழுதுங்கள். உங்கள் பழைய ஊரின் பெயரையும் "நாங்கள் யார்" என்னும் பகுதியில் குறிப்பிடுங்கள். அவ்வூரின் பெயரைத் தட்டி உங்களைத் தேடும் பழைய அயலவர் இருக்கக்கூடும்.

செய்யக்கூடாதவை

ஒரே சொல்லை ஐம்பது முறை அடுக்குவதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்பதும் பழைய தந்திரங்கள். கூகிள் இவற்றை மோசடியாகக் கருதிப் பக்கத்தைப் பின்தள்ளும், அல்லது நீக்கிவிடும். பக்கத்தின் மறைவான பகுதியில் எழுதப்படும் திறவுச்சொற் பட்டியலைத் தான் கணக்கிலெடுப்பதில்லையென 2009இல் அது அறிவித்தது. ஆகவே "முதலிடம் நிச்சயம்" என்று கூறிப் பணம் கேட்போரிடம் சங்கத்தின் சேமிப்பைக் கொடுத்துவிடாதீர்கள். அவ்வாறான உறுதியை எவராலும் வழங்க முடியாதெனக் கூகிளே கூறுகின்றது.

சரியான சொல்லை அறியச் செலவில்லாத வழிகள் உண்டு. தேடற்பெட்டியில் இரண்டு எழுத்துத் தட்டினால், பிறர் தேடும் சொற்கள் கீழே வரிசையாகத் தோன்றும். கூகிளின் சேர்ச் கொன்சோல் என்னும் இலவசக் கருவி, எந்தச் சொல்லைத் தேடியவருக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்பதைச் சொல்லும். எல்லாவற்றிலும் எளிய வழி, வாங்க வருபவரிடமே கேட்பதாகும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு தாளை எடுங்கள். நீங்கள் விற்கும் பொருள்களை ஒரு பக்கத்திலும், வாங்குபவர் அவற்றுக்குச் சொல்லும் பெயர்களை மறுபக்கத்திலும் எழுதுங்கள். இணையத்தளத்தில் முதலில் இடம்பெற வேண்டிய சொற்கள் அந்த மறுபக்கத்திலேயே உள்ளன.